அறக்கொட்டியும் ரத்து ஹீனட்டியும்: நெல்லின் டீ.என்.ஏ.யில் அடையாளம் தேடுதல்



இந்தச் சொற்பொழிவுக்குரிய அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தினர், பருத்தி இனவிருத்தியில் டீ.என்.ஏ. வாசிப்பின் பயன் பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டார்கள். மருதமுனைத் தறிகளோடு அவர்களுக்குள்ள உறவை அறிந்தவர்களுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். பருத்தியை நான் விட்டுவிடப் போவதில்லை, அதற்கும் இன்று ஓர் இடம் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு பக்கம் காரைதீவு, மறுபக்கம் சம்மாந்துறை, நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் வேளாண்மை என்றிருக்கும் மாவடிப்பள்ளிக்கு வந்து நெல்லைப் பேசாமல் போனால் நீங்களே என்னை விடமாட்டீர்கள். அதைவிட முக்கியமான காரணமும் ஒன்று உண்டு. பயிரின் பரம்பரையலகைத் தேடிப் பிடித்து அதைக் கொண்டு புதிய இனம் உருவாக்கும் இந்த விஞ்ஞானத்தின் சிறந்த உதாரணங்களில் ஒன்று நமது தீவின் நெல்லிலேயே இருக்கிறது. அந்தக் கதை பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸில் தெரியும், சீனாவின் நாஞ்சிங்கில் தெரியும். இங்கே நெல் விதைக்கிறவருக்கு அதை யாரும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அறக்கொட்டியை இந்த அவைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களில் அதற்குக் கபில நிறத் தத்தி என்று பெயர். நெற்புதரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். வரம்பில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு மேலே பச்சை இலைதான் தெரியும். குனிந்து புதரை விலக்கிப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். தீனி போதுமாக இருக்கும் வரை குட்டை இறகோடு இருந்த இடத்திலேயே பெருகும். நெருக்கம் கூடினால் அடுத்த தலைமுறை நெட்டை இறகோடு பிறந்து பக்கத்து வட்டைக்குப் பறந்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். பிறகு ஒருநாள் காலையில், பூட்டை வந்த பயிர் வட்டம் வட்டமாக எரிந்து கிடக்கும்.

எண்ணெய் அடித்தால் போகாதா என்று கேட்பீர்கள். சில வேளைகளில் போகும். ஆனால் அடித்தவரின் வயலே மற்றவர் வயலைவிட மோசமாக எரிந்ததையும் இங்கே பலர் கண்டிருப்பீர்கள். சிலந்தியும், தத்தியின் முட்டையைத் தின்கிற சிறு பூச்சிகளும் முதலில் சாகும். இலைக்குள்ளே இட்டு வைத்த தத்தி முட்டை சாகாது. ஒரு கிழமை கழித்து எதிரி இல்லாத வயலில் அது குஞ்சு பொரிக்கும். இந்தோனேசியா இதைப் பெருந்தொகை இழந்த பிறகே கற்றுக்கொண்டது. 1986இல் அந்நாட்டு ஜனாதிபதி ஒரே கட்டளையில் 57 கிருமிநாசினிகளை நெல்வயலில் பாவிப்பதற்குத் தடை விதித்தார். நெருக்கமாக விதைப்பதும் யூரியாவை அள்ளி வீசுவதும் இதே பூச்சிக்கு விருந்து வைப்பதுதான். இதையெல்லாம் உங்கள் விவசாயப் போதனாசிரியர் சொல்லியிருப்பார். நான் பேச வந்தது வேறொரு வழியை, பூச்சி உட்கார்ந்து குடித்தாலும் சாகாத நெல்லை.

அப்படியான நெல் உண்டு என்பது 1960களின் கடைசியில் பிலிப்பைன்ஸின் லொஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் தெரிய வந்தது. உலகெங்கிலுமிருந்து சேர்த்த விதைகளை வரிசையாக முளைக்க வைத்து அவற்றின் மேல் பூச்சியை விட்டார்கள். பெரும்பாலானவை கருகின, சில நின்றன. 1971இல் அத்வாலும் அவருடைய குழுவினரும் முதல் இரண்டு பரம்பரையலகுகளை அறிவித்தார்கள். ஒன்று முட்கோ என்ற இந்திய நெல்லில் இருந்தது. மற்றது ஏஎஸ்டி 7இல் இருந்தது. ஏஎஸ்டி என்றால் திருநெல்வேலிப் பக்கத்து அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம்தான். 1977இல் லக்ஷ்மிநாராயணாவும் குர்தேவ் குஷ்ஷும் இன்னும் இரண்டை அறிவித்தார்கள். அந்த இரண்டும் இலங்கை நெல்லிலிருந்து வந்தவை. மூன்றாவது ரத்து ஹீனட்டியில், நான்காவது பாபாவீயில். ரத்து ஹீனட்டி நமது பழைய சிவப்பு நெல், நீரிழிவுக்காரருக்கு நல்லதென்று இன்று கொழும்புக் கடைகளில் கூடுதல் விலைக்கு விற்பது. உலகத்துக்கு முதலில் தெரிந்த நான்கு எதிர்ப்புப் பரம்பரையலகுகளில் ஒன்று தமிழ்நாட்டின் பெயரோடும் இரண்டு இலங்கையின் பெயரோடும் இருப்பது தற்செயல் இல்லை. பூச்சியும் நெல்லும் நீண்ட காலம் ஒன்றாக வாழ்ந்த இடத்திலேதான் தப்பிப் பிழைத்த நெல்லும் இருக்கும்.

முட்கோவின் பரம்பரையலகோடு 1973இல் அதே நிறுவகத்திலிருந்து வெளிவந்த ஐஆர் 26 என்ற இனம், இரண்டு மூன்று வருடத்துக்குள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் விழுந்துவிட்டது. அதைக் குடித்துப் பழகிய பூச்சிக் கூட்டம் உருவாகிவிட்டது. 1976இல் ஐஆர் 36 வந்தது. அதன் எதிர்ப்பு கூடக் காலம் தாக்குப்பிடித்தது, ஆனால் அதையும் குடிக்கும் பூச்சி பிறகு வந்தது. இதில் நமக்கு வேண்டிய பாடம் இன்னொன்று. ஐஆர் 26 பிலிப்பைன்ஸில் எதிர்த்து நின்ற காலத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் எதிர்க்கவில்லை. நம்முடைய பக்கத்து அறக்கொட்டி வேறு ரகம். அதற்கு முட்கோவும் ஏஎஸ்டி 7உம் ஒரு பொருட்டே இல்லை. ரத்து ஹீனட்டியும் கேரளத்துப் பட்டாம்பியின் பிடிபி 33உம் அதற்கும் ஈடுகொடுத்தன. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1980இல் வெளியிட்ட பிஜி 379-2 இந்தப் பிடிபி 33ஐ ஒரு பெற்றோராகக் கொண்டது. டீ.என்.ஏ. என்ற பேச்சே இல்லாமல், கண்ணாலும் கையாலும் தெரிந்தெடுத்த இனம் அது. அந்தத் தலைமுறை இனவிருத்தியாளர்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு சலாம் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

கண்ணாலேயே முடிந்ததென்றால் டீ.என்.ஏ. எதற்கு?

கண் பார்ப்பது விளைவைத்தான், காரணத்தை அல்ல. பயிர் நிற்கிறது என்று தெரியும். அது ஒரு பரம்பரையலகாலா, மூன்றாலா என்று தெரியாது. பூச்சி அன்று போதுமான அளவு வந்து உட்காராததால்கூட அது நின்றிருக்கலாம். இரண்டு பரம்பரையலகை ஒரே நெல்லில் சேர்க்க நினைத்தால் கண் முற்றாகத் தோற்றுவிடும். ஒன்று இருந்தாலும் பயிர் நிற்கும், இரண்டும் இருந்தாலும் நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பூச்சி அவற்றை உடைக்க எடுக்கும் காலம் ஒன்றல்ல.

நெல்லின் ஒவ்வோர் உயிரணுவிலும் 12 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றில் எழுதியிருப்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. ஜப்பானிய நிப்பொன்பாரே நெல்லின் முழு வரிசையையும் பல நாடுகள் சேர்ந்து வாசித்து 2005இல் வெளியிட்டன. அதன் அளவு ஏறக்குறைய 38 கோடி 90 இலட்சம் எழுத்து. பிறகு வாசிப்புக் கருவிகள் மலிந்தன. 2018இல் 3,010 நெல் வகைகளின் வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. வகைக்கு வகை ஓர் எழுத்து மாறியிருக்கும் இடங்கள் மட்டும் 2 கோடி 90 இலட்சத்துக்கு மேல் இருந்தன. இந்த ஓரெழுத்து மாற்றங்களே இன்றைய அடையாளக்குறிகள். பெரும்பாலானவை பயிருக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. கிலோமீற்றர்க் கல் வண்டியை ஓட்டாது, ஆனால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லும். இந்தக் குறிகளின் வேலையும் அதுதான். எதிர்ப்புப் பரம்பரையலகுக்கு மிக அருகில் உள்ள குறி, தலைமுறை தலைமுறையாக அதனோடு சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். குறியைக் கண்டால் பரம்பரையலகும் கூடவே இருக்கிறது என்று ஏறத்தாழ நம்பலாம்.

இரண்டு கோடிக்கு மேற்பட்ட கற்களில் வேண்டிய கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் இந்த வேலையின் அழகு இருக்கிறது. எதிர்க்கும் நெல்லையும் எரியும் நெல்லையும் கலந்து, அதன் பேரப்பிள்ளைத் தலைமுறையில் சில நூறு செடிகளை எடுக்கிறீர்கள். எல்லாவற்றின் மேலும் பூச்சியை விடுகிறீர்கள். மிக உறுதியாக நின்ற இருபது, முதலில் செத்த இருபது என்று இரண்டு குவியலைப் பிரிக்கிறீர்கள். ஒவ்வொரு குவியலின் டீ.என்.ஏ.யையும் தனித்தனியே ஒன்றாகக் கலந்து வாசிக்கிறீர்கள். எதிர்ப்போடு தொடர்பில்லாத இடங்களில் இரண்டு குவியலிலும் தாயின் எழுத்தும் தந்தையின் எழுத்தும் பாதிப்பாதியாக இருக்கும். எதிர்ப்பு இருக்கும் இடத்தில் மட்டும் நின்ற குவியலில் எதிர்க்கும் பெற்றோரின் எழுத்து குவிந்திருக்கும், செத்த குவியலில் மற்றதன் எழுத்து குவிந்திருக்கும். 12 நிறமூர்த்தங்களின் நீளத்துக்கும் கோடு வரைந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மலை எழும்பும். ஜப்பானின் இவாத்தேயில் இருந்த குழுவொன்று 2013இல் நெல்லில் செய்து காட்டிய முறை இது. முன்பு வருடக்கணக்கில் நடந்த தேடலை இது ஓரிரு போகத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

ரத்து ஹீனட்டியைத் தேடியவர்கள் அதற்கு முந்திய, மெதுவான முறைகளில் வந்தவர்கள். அவர்கள் கண்டது விசித்திரமானது. 2005இல் சீன ஆய்வாளர்கள் அதன் எதிர்ப்பை நான்காம் நிறமூர்த்தத்தின் குறுங்கையில் கண்டார்கள். 2007இல் தாய்லாந்தைச் சேர்ந்த ஜைரினும் கூட்டாளிகளும் ஆறாம் நிறமூர்த்தத்தின் குறுங்கையில் கண்டார்கள். பிடிபி 33இலும் அதே ஆறாம் நிறமூர்த்தப் பகுதியே தெரிந்தது. இரண்டு குழுவும் சரி. 1977இல் ஒன்று என்று எண்ணியது உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்டது. நமது சிவப்பு நெல்லை இத்தனை காலமும் பூச்சியால் முறிக்க முடியாமல் போனதற்கு இதுவே முக்கிய காரணம் என்பது என் கருத்து. ஒரு பூட்டை மட்டும் உடைக்கத் தெரிந்த பூச்சிக்கு உள்ளே இன்னொரு பூட்டு காத்திருந்தது. 2015இல் நாஞ்சிங் வேளாண்மைப் பல்கலைக்கழகக் குழு நான்காம் நிறமூர்த்தத்தில் இருந்ததைத் தனியே பிரித்தெடுத்து வாசித்தது. அருகருகே மூன்று பரம்பரையலகுகள் அங்கே இருந்தன. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, உயிரணுவின் மென்சவ்வில் நின்று வெளியே நடப்பதை உணர்ந்து உள்ளே செய்தி அனுப்பும் புரதங்களை ஆக்குபவை. பெயர் வைப்பதில் ஆளுக்கு ஆள் இலக்கம் மாறி, இன்றைக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் மூன்றாம் இலக்கம் எது, பதினேழாம் இலக்கம் எது என்று மாணவர்கள் குழம்புகிறார்கள். அந்தச் சண்டைக்குள் இப்போது நான் போகவில்லை.

பருத்திக்கு நான் வைத்திருந்த இடம் இதுதான். அதே 2015இல், அந்த நெல் ஆய்வு வெளிவந்த விஞ்ஞான சஞ்சிகையிலேயே, அதே நாஞ்சிங் பல்கலைக்கழகத்தின் வேறொரு குழு மேட்டுநிலப் பருத்தியின் முழு வரிசையை வெளியிட்டது. உலகத்தில் நெய்யப்படும் பருத்தியில் மிகப் பெரும் பங்கு இந்த வகைதான். மருதமுனைத் தறியில் ஏறும் நூலும் பெரும்பாலும் இதன் வழிவந்ததாகவே இருக்கும். நெல்லோடு ஒப்பிட்டால் பருத்தி மிகத் தொல்லையான பயிர். வரிசையின் நீளம் 250 கோடி எழுத்தளவு, நெல்லைப்போல ஆறு மடங்குக்கு மேல். நீளம்கூடப் பெரிய தொல்லை இல்லை. பத்து இருபது இலட்சம் வருடங்களுக்கு முன் இரண்டு வேறு பருத்திகள் கலந்து, இரண்டின் நிறமூர்த்தங்களும் முழுமையாக ஒரே செடியில் தங்கிவிட்டன. அதனால் ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் ஏறக்குறைய அதே சாயலில் இன்னொன்று உள்ளே உண்டு. பெரும்பாலும் பாவிக்கும் கருவி ஒரு நேரத்தில் வாசிப்பது 150 எழுத்தளவுள்ள சிறு துண்டை. அந்தத் துண்டு எந்தப் பாட்டனின் சொத்து என்று தெரியாவிட்டால், இரண்டு பாட்டன்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தை இரண்டு இனங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் என்று எழுதிவிடுவோம். பொய்க் குறிகள் ஆயிரக்கணக்கில் விழும். ஆகவேதான் 2012இலும் 2014இலும் அந்த இரண்டு பாட்டன்களின் உறவுமுறைப் பருத்திகளைத் தனித்தனியே முதலில் வாசித்தார்கள்.

பயிராகும் மேட்டுநிலப் பருத்தி இனங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம் என்பது இரண்டாவது தொல்லை. வித்தியாசமே குறைவானால் குறி எங்கிருந்து வரும்? நூலின் நீளத்துக்கும் வலுவுக்கும் உரிய இடங்களைத் தேடியவர்கள் நீண்ட இழையுள்ள எகிப்தியப் பருத்தி இனத்தோடு கலந்து தேட வேண்டியிருந்தது. 1970களில் கோயம்புத்தூரில் உருவான சுவின் அந்த எகிப்தியச் சாதியைச் சேர்ந்தது, இந்தியப் பருத்திகளில் மிக நீண்ட இழையுடையவற்றில் ஒன்று. தறிக்காரர் ஒருவர் மிக நயமான நூலைக் கையில் உருட்டிப் பார்த்துச் சொல்லும் தரத்துக்குப் பின்னால், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கும் பல பரம்பரையலகுகள் இருக்கின்றன. ஒரு குறியை வைத்து அதைப் பிடிக்க முடியாது. பருத்தியில் குறிகள் சீக்கிரம் பலன் தந்தது நோய் எதிர்ப்பிலும் வேர்முடிச்சுப் புழு எதிர்ப்பிலும்தான்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். பீட்டி பருத்தி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2002இலிருந்து இந்தியாவில் பயிராவது. அதில் மண் பக்ரீரியா ஒன்றின் பரம்பரையலகு ஆய்வுகூடத்தில் செருகப்பட்டது. குறி பார்த்துத் தெரிந்தெடுப்பது அது இல்லை. நெல்லோடு நெல்லைப் பூவில் கலந்து, பிறந்த பிள்ளைகளில் எது எதைக் கொண்டு வந்தது என்று இலைத் துண்டில் பார்ப்பது, அவ்வளவே. விதையில் புதிதாக எதையும் நாம் வைப்பதில்லை.

ரத்து ஹீனட்டியின் எதிர்ப்பை வேறு நெல்லுக்குக் கொண்டுபோன கதையில் தாய்லாந்துக்காரரின் அனுபவம் நமக்கு மிகவும் உதவும். அவர்கள் கொண்டுபோக விரும்பியது தங்கள் மல்லிகை நெல்லுக்கு. மணமும் ஒட்டும் தன்மையுமே அதன் விலை. ஆனால் ஆறாம் நிறமூர்த்தத்தில் எதிர்ப்புப் பகுதிக்கு அருகிலேயே சோற்றின் தன்மையைத் தீர்மானிக்கும் பரம்பரையலகும் உட்கார்ந்திருந்தது. எதிர்ப்பு வந்தால் கூடவே உதிரியான, விறைப்பான சோறும் வந்தது. மல்லிகை நெல் மல்லிகை நெல்லாக இருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே அறுந்து சேர்ந்த பிள்ளையைத் தேட வேண்டும். அது அரிதாகவே பிறக்கும். நாற்றுப் பருவத்திலேயே இலைத் துண்டு எடுத்து, இரண்டு பக்கக் குறிகளையும் பார்த்து, வேண்டாதவற்றை அன்றைக்கே எறிந்துவிட்டுத் தேடினார்கள், கிடைத்தது. 2009இல் அதை அறிவித்தார்கள். குறி இல்லாமல் இதைச் செய்வதென்றால் ஒவ்வொரு செடியும் கதிர் வந்து, அறுத்து, குற்றி, சமைத்துப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும்.

நமக்கு அந்தச் சிக்கலே இல்லை என்பதுதான் வேடிக்கை. இங்கே யார் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் சோற்றை ஆக்குகிறார்கள்? அவர்கள் வெட்டி எறியப் பாடுபட்டதை நாம் விரும்பிச் சாப்பிடுகிறோம். ஆகவே பிஜி 300, ஏடி 362 போன்று நம் விவசாயிக்குப் பழகிய இனங்களுக்குள் இரண்டு நிறமூர்த்தங்களின் எதிர்ப்பையும் சேர்த்துக் கொண்டுவருவது தாய்லாந்தின் வேலையைவிட இலகுவாக இருக்க வேண்டும். முதல் கலப்பில் பாதி ரத்து ஹீனட்டி இருக்கும். அதன் நெட்டை உடம்பும் குறைந்த விளைச்சலும் கூடவே வரும். பிறகு மூன்று தடவை பிஜி 300ஓடு திரும்பத் திரும்பக் கலந்தால் சராசரியாக 94 வீதத்துக்குக் கிட்ட அது பிஜி 300ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் குறி பார்ப்பது, அந்தக் கலப்புகளின் நடுவே நாம் தேடி வந்த இரண்டு துண்டுகள் நழுவிப் போகாமலிருப்பதற்கு.

இதற்குக் கருவி இல்லையே என்று கைவிரிப்பது வழக்கம். இலையிலிருந்து டீ.என்.ஏ. எடுத்துக் குறி பார்க்கும் வசதி நாட்டில் புதிதல்ல. முழு வரிசை வாசிக்க வேண்டுமென்றால் கூலி கொடுத்து வெளிநாட்டில் வாசித்துக்கொள்ளலாம், அந்தக் கூலியும் வருடா வருடம் குறைகிறது. நாஞ்சிங்கிலிருந்து வாங்கிவர முடியாத பொருள் ஒன்றே ஒன்றுதான். சம்மாந்துறை வட்டையில் இந்தப் பெரும்போகத்தில் பெருகிய அறக்கொட்டி எந்த நெல்லைக் குடிக்கிறது, எதைக் குடிக்கவில்லை என்ற பதிவு. அந்தப் பதிவு இல்லாமல் எத்தனை கோடி எழுத்து வாசித்தாலும் மலை எழும்பாது. எந்த இருபது நின்றது, எந்த இருபது செத்தது என்று யாராவது முழங்காலில் இருந்து பார்த்து எழுதியாக வேண்டும்.

சம்மாந்துறையிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பலர் வேளாண்மைக்காரரின் பிள்ளைகள். இந்தச் சோதனைக்கு வேண்டியவை ஒரு மரத்தட்டு, சலித்த மண், தண்ணீர் நிற்கும் தகரத் தட்டு, மெல்லிய வலைக்கூடு. இரண்டு மூன்று இலை வந்த நாற்றில் தலைக்கு எட்டு முதல் பத்துக் குஞ்சுத் தத்தி வீதம் தூவ வேண்டும். எல்லாவற்றையும் குடிக்கக் கொடுக்கும் டீஎன் 1 என்ற தாய்வான் நெல்லையும், குடிக்கக் கொடுக்காத பிடிபி 33ஐயும் ஒவ்வொரு தட்டிலும் சாட்சிக்கு ஒரு வரிசை விதைக்க வேண்டும். டீஎன் 1இல் பத்துக்கு ஒன்பது நாற்று செத்த அன்று மற்ற வரிசைகளுக்குப் புள்ளி போட வேண்டும். பூச்சியமென்றால் பழுதில்லை, ஒன்பதென்றால் செத்தது. உலகமெங்கும் இதே புள்ளிமுறைதான். தத்தியை மட்டும் இங்கேயே பிடிக்க வேண்டும், அதுவும் ஒரு வயலில் அல்ல, நிந்தவூர், காரைதீவு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நாலா பக்கமும்.

விதை மூடையில் எதிர்ப்புச் சக்தி உள்ளது என்று எழுதியிருந்தால், விற்கிறவரிடமும் போதனாசிரியரிடமும் நீங்கள் கேட்க வேண்டியவை இவை: எந்தப் பெற்றோரிடமிருந்து வந்த எதிர்ப்பு, எத்தனை பரம்பரையலகு, எந்த மாவட்டத்துத் தத்தியை விட்டுப் பார்த்தது, எந்த வருடம் பார்த்தது. பத்து வருடத்துக்கு முந்திய புள்ளி இன்றைய பூச்சிக்குப் பொருந்த வேண்டுமென்றில்லை. பீடத்தின் மாணவர்கள் நாளைக்கே தட்டு வைத்தால், அந்தப் பதிவேட்டின் முதல் நிரலில் நெல்லின் பெயருக்கு முன்னால் எந்த வட்டை, எந்தப் போகம், என்ன திகதி என்று எழுதச் சொல்லுங்கள்.